உங்க மேல குறைன்னா எங்க சொல்றது?

1

இந்தக் கோடை முழுவதும் சனிக்கிழமை காலையில் நானும் என் மகள் மதுமிதாவும் காரில் ஏறி, ஒகையோ ஆற்றுப் பாலத்தைக் கடந்து அக்கரைக்குப் போய்வருகிறோம். அக்கரையில் எங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது. ஒரு பெரிய பலசரக்குக் கடையின் வண்டி நிறுத்துமிடத்தில், ஓரமாக இருக்கிற மரத்தடியில் காரை நிறுத்துவேன். கடைக்குள் நாங்கள் போனதில்லை. மது காரிலேயே உட்கார்ந்து போனை முன்னால் சாய்த்து வைத்துக்கொள்வாள். நான் இறங்கி, அவள் பேசுவது காதில் விழாத தூரத்துக்கு நடந்து, சாமான் வாங்குபவர்களுக்கான தள்ளுவண்டிகளை அடுக்கி வைத்திருக்கும் கொட்டகை அருகில் நிற்பேன். அவள் பேசி முடித்ததும் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பிவிடுவோம்.

ஊரில் இருப்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். எனக்கும் முதலில் அப்படித்தான் தெரிந்தது.

மது படிப்பது வடக்கே, இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு கல்லூரியில். போன வருடம் அவளுக்கு வகுப்புக்குள் நுழைந்தாலே நெஞ்சு படபடத்து மூச்சு முட்டியது. பரீட்சை எழுதாமல் பாதியில் எழுந்து வந்துவிட்டாள். அதன் பிறகு கல்லூரிக்குப் பக்கத்தில் கரோல் என்ற மனநல ஆலோசகர் அம்மாவிடம் போக ஆரம்பித்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி வந்தாள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது போனில் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம். முதல் வாரம் கரோல் அம்மா கேட்ட முதல் கேள்வியே, "இப்போது எந்த மாநிலத்தில் இருக்கிறாய்?" என்பதுதான். இவள் உண்மையைச் சொன்னாள். அந்த அம்மா வருத்தம் தெரிவித்துவிட்டு, தன் உரிமம் ஒகையோ மாநிலம் கொடுத்தது, கென்டகியில் இருக்கிறவருக்கு ஆலோசனை சொல்லத் தனக்கு அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டார். எங்கள் வீடு ஆற்றுக்குத் தெற்கே, கென்டகியில் இருக்கிறது.

"ஒகையோவுலதான் இருக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா முடிஞ்சுபோச்சு. அந்தம்மா வந்து பாக்கவா போறாங்க?" என்றேன்.

"அவங்ககிட்டயே பொய் சொன்னா அப்புறம் யார்கிட்டப்பா உண்மை சொல்றது?" என்று மது ஆங்கிலத்தில் கேட்டாள். இப்போதெல்லாம் நான் தமிழில் கேட்பதும் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வதும்தான் எங்கள் வீட்டுப் பேச்சு.

அதனால் பாலத்தைக் கடக்கிறோம். பாலத்தின் நடுவில் நிறுத்தினால் போதாதா என்று ஒருமுறை கேட்டேன். ஆறு முழுக்கக் கென்டகியைச் சேர்ந்ததாம், அந்தக் கரை ஏறினால்தான் ஒகையோவாம். எங்கள் செங்கல்பட்டுப் பாலாற்றுப் பாலத்தை எத்தனையோ தடவை கடந்திருக்கிறேன். கீழே தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்ததைத் தவிர, எது யாருடைய கரை என்று நான் யோசித்ததே இல்லை.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஏழுமலை. சொந்த ஊர் திருப்போரூர் பக்கம். படிப்பு பத்தாவது. என் மனைவி தேவிகா நர்ஸ். அவள் வேலைதான் எங்களை இங்கே, அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தது. நான் ஒரு மருத்துவமனையின் சலவைத் துணி ஏற்றும் வேன் ஓட்டுகிறேன். யாரிடமும் அதிகம் பேச வேண்டாத வேலை என்பதால் எனக்குப் பிடித்த வேலை. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுகிற ஆள் நான்.

உரிமம் என்றால் எனக்குத் தெரிந்தது டிரைவிங் லைசென்ஸ்தான். ஊரில் அதை டிரைவிங் ஸ்கூல்காரரே வாங்கிக் கையில் கொடுத்தார். நான் எட்டு போட்டதாக ஞாபகம் இல்லை. ஆயுத பூஜை அன்று ஆட்டோ, ஸ்பேனர், மண்வெட்டியோடு அந்த லைசென்சையும் பலகையில் வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவோம். போட்டோவில் என் நெற்றியில் இட்ட பொட்டு வருடா வருடம் பெரிதாகி, கடைசியில் முகமே தெரியாமல் போனது. போக்குவரத்து போலீஸ்காரர் ஒருவர், "இதுல நீ எங்கய்யா கீற?" என்று கேட்டிருக்கிறார்.

இங்கே முதல் தேர்வில் தோற்றேன். ஆள் அரவமே இல்லாத ஒரு சந்திப்பில், 'நில்' பலகை இருந்தும் நிற்காமல் மெதுவாக உருட்டிக்கொண்டு போனேனாம். யாருமே வராத இடத்தில் எதற்கு நிற்க வேண்டும் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

3

கரோல் அம்மாவை நான் நேரில் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். பெற்றோரில் ஒருவராவது ஒருநாள் வந்தால் நல்லது என்று மது கூப்பிட்டாள். தேவிகாவுக்கு அன்று டியூட்டி. நான் போனேன்.

அந்த அம்மா என்னை உட்காரவைத்துவிட்டு மெதுவாக, மது தமிழில் சொல்வதற்கு இடம் விட்டுவிட்டுப் பேசினார். தன் பெயர் இன்னது, படித்தது இது, சுவரில் மாட்டியிருப்பது மாநில அரசு கொடுத்த உரிமம், அதன் எண் இது என்றார். அடுத்து ஒரு தாளை நீட்டி, "என்மேல் உங்களுக்கு ஏதாவது புகார் இருந்தால் இந்த அலுவலகத்துக்கு எழுதலாம்" என்றார். நான் உட்கார்ந்து இன்னும் நாற்காலி சூடாகவில்லை. அதற்குள் புகார்.

அன்று வீட்டுக்கு வந்ததும் தேவிகாவைச் சமையலறையில் பிடித்தேன். "இந்தம்மா வேணாம். வேற ஆளப் பாக்கலாம்."

"ஏன், இன்னா ஆச்சு?"

"ஏதோ கேஸ் கீது போல. பேச்ச ஆரம்பிக்கறப்பவே எம்மேல புகார் குடுக்கணும்னா இங்க குடுங்கன்னு அட்ரஸ் குடுக்கறாங்க. ஒண்ணும் இல்லாமயா அப்படிச் சொல்வாங்க?"

தேவிகா தோசைத் திருப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தாள். தோசை கருகும்வரை சிரித்தாள். "அது எல்லாரும் சொல்றது. சொல்லணும்னு சட்டம். எங்களுக்கும் மேல ஆபீஸ் இருக்கு. தப்பு பண்ணா உரிமத்தப் புடுங்கிடுவாங்க. சும்மாவா நான் வருஷா வருஷம் படிச்சு சாவறேன்?"

நம் ஊரில் டாக்டரிடம் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறோம். அவர் என்ன படித்தார் என்று கேட்பது, அவர் சம்பளத்தைக் கேட்பது மாதிரி. அப்படி வளர்ந்தவனுக்குத் தன்னைப் பற்றிப் புகார் சொல்ல வழி காட்டுகிற டாக்டரைப் பார்த்தால் சந்தேகம்தான் வரும்.

மது கவுன்சிலரிடம் போகிறாள் என்று ஊரில் அக்கா அமுதாவிடம் சொன்னபோது அவளுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "கவுன்சிலரா? இன்னாத்துக்கு, உங்க தெருவுல ரோடு போடலயா?" என்றாள். நான் விளக்கிச் சொன்னேன். பிறகுதான் தம்பியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள்.

4

எங்கள் தம்பி சேகர், திருப்போரூருக்கும் கோவளத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா வீட்டில்தான் இருக்கிறான். ஒரு வருடமாக அவன் சரியில்லை. ஒரு வெள்ளைக் கார் தன்னைப் பின்தொடர்கிறது என்றான். டியூப் லைட்டுக்குள் யாரோ உட்கார்ந்து பேச்சைக் கேட்கிறார்கள் என்று அதைக் கழற்றினான். சவாரியை நடுவழியில் இறக்கிவிட்டுவிட்டு வந்தான். பிறகு ஆட்டோவையே எடுப்பதில்லை. தூக்கமும் இல்லை.

அக்கா கோயிலுக்கு அழைத்துப் போனாள், மந்திரித்துப் பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை. அப்போதுதான் யாரோ அவளுக்கு ஓர் இடம் சொன்னார்கள். கோவளம் தாண்டி, கடற்கரையோரம் சவுக்குத் தோப்புக்குள் ஒரு 'ஹோம்'. டாக்டர் சார் ஒருவர் நடத்துகிறார். கவுன்சலிங், யோகா, கடல் காற்று எல்லாம் உண்டு.

"போர்டுல எவ்ளோ படிப்பு போட்டுகீது தெரியுமா? நாலு வரி. பெரிய பெரிய ஆளுங்களோட போட்டோ எட்த்துகினு மாட்டிகீறாரு. சனிக்கிழம சாய்ங்காலம் கொண்ணாந்து வுட்டுடுங்கன்னாரு" என்றாள் அக்கா.

எனக்கு நிம்மதியாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் நிம்மதி வரவில்லை. சுவரில் மாட்டியிருந்த கரோல் அம்மாவின் உரிமம் கண்முன் வந்துகொண்டே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பாலத்தில் போகும்போது மதுவிடம் சொன்னேன். அவள் தன் சித்தப்பாவைச் சின்ன வயதில் பார்த்தது. அவன் ஆட்டோவில் முன்னால் உட்காரவைத்து ஹாரன் அடிக்கவிட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"அந்த டாக்டர் பதிவு பண்ணவரா?" என்று கேட்டாள்.

"தெரியல. எப்படிக் கேக்கறது? தப்பா நினைப்பாங்க."

"கரோல் நாம கேக்காமலே சொன்னாங்க இல்ல? அவங்க சொல்லலன்னா நீங்க கேளுங்கப்பா. நல்லவங்களா இருந்தா கோபப்பட மாட்டாங்க." இதை அவள் தமிழில் சொன்னாள். தடுமாறி, வார்த்தைகளைத் தேடித் தேடிச் சொன்னாள்.

5

மது காரில் பேசிக்கொண்டிருந்தாள். நான் தள்ளுவண்டிக் கொட்டகை அருகில் நின்றிருந்தேன். அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே பொழுது சாயும் நேரம். காற்றின் இரைச்சல் பெரிதாகக் கேட்டது.

"பாரு ஏழு, காத்து எப்டி கீது. மாமா ஆட்டோவுலயே இட்டுகினு வந்துட்டாரு." அவள் போனைத் திருப்பினாள். சேகரின் சொந்த ஆட்டோ. ஓட்டுகிற இடத்தில் அக்காவின் வீட்டுக்காரர் பலராமன். பின்னால் சேகர், மடியில் ஒரு துணிப்பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"இதோ சார் வந்துட்டாரு, பேசு."

வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் திரையில் வந்தார். நான் வணக்கம் சொன்னேன்.

"அமெரிக்காவா? நல்லது. கவலப்படாதீங்க. மூணு மாசம் யாரும் பாக்க வரக்கூடாது, போன் கூடாது. மனசு கலைஞ்சுடும். மத்தத நான் பாத்துக்கறேன்."

சரிங்க சார் என்று சொல்லிவிடுவேன் என்று எனக்கே தெரிந்தது. தொலைவில் காருக்குள் மது கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். ஒரு வருடத்துக்கு முன் கையைத் தூக்கவே தெம்பில்லாமல் படுத்துக் கிடந்த பெண்.

"சார், ஒரு விஷயம். உங்க ஹோமு அரசாங்கத்துல பதிவு பண்ணிகீதுங்களா?"

"எல்லாம் கீது."

"அதக் கொஞ்சம் காட்டறீங்களா சார்?"

"உள்ள பீரோவுல கீது. சாவி என் சம்சாரம் எட்த்துகினு போயிட்டாங்க."

"சரிங்க சார். நாளைக்கு தம்பிக்கு ஏதாவது ஒண்ணுன்னா, உங்க மேல குறைன்னா, எங்க சொல்றதுங்க?"

அவர் முகம் மாறியது. சிரித்த மாதிரியும் இருந்தது. "எங்கிட்டதான் சொல்லணும். எனக்கு மேல ஆளு கெடயாது தம்பி. எனக்கு மேல வானம், அந்தாண்ட கடலு. நம்பிக்க இருந்தா வுடுங்க, இல்லாட்டி இட்டுகினு போங்க."

அக்கா போனைப் பிடுங்கினாள். "டேய், பொறந்ததுலேந்து வாயத் தொறக்காதவன் இன்னிக்குப் பாத்துத் தொறப்பியா? எவ்ளோ கெஞ்சி எடம் வாங்கிகீறேன் தெரியுமா? நீ அங்க குந்திகினு பேசுவ. ராத்திரி முழுக்க இவன் பின்னாடி சுத்தறது நானு."

அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

அப்போது ஆட்டோவிலிருந்து சேகர் பேசினான். "அக்கா, அந்தாளு என்னப் பாத்துக் கையக் காட்டறான். வராதங்கறான்."

"அய்யோ, மறுபடி ஆரம்பிச்சிட்டான்" என்றாள் அக்கா.

"இல்லக்கா. அதோ, கம்பிக்குள்ள பாரு."

போன் அந்தப் பக்கம் திரும்பியது. கட்டடத்தின் ஒரு மூலையில் கம்பிக் கதவு. வெளியே பெரிய பூட்டு. உள்ளே இருட்டில் ஒருவர் நின்று கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி, வேண்டாம், வேண்டாம் என்று ஆட்டிக்கொண்டிருந்தார். நான் இங்கிருந்தே பார்த்தேன். அக்கா பார்த்தாள். மாமாவும் பார்த்தார்.

"அது முத்திப்போன கேசு" என்று வெள்ளைச் சட்டைக்காரர் சொல்வது கேட்டது.

திரை ஆடியது. மண் தெரிந்தது, அக்காவின் கால் தெரிந்தது, பிறகு ஆட்டோ ஸ்டார்ட் ஆகும் சத்தம். "வண்டிய எடுய்யா" என்ற அவள் குரலோடு தொடர்பு அறுந்தது.

6

ஞாயிற்றுக்கிழமையை நாங்கள் எப்படிக் கழித்தோம் என்று சொல்லத் தெரியவில்லை. நான் அந்த இடத்தையும் இல்லாமல் செய்துவிட்டேனோ என்ற பயம். தேவிகா தன்னோடு படித்தவர்களுக்கெல்லாம் போன் செய்து விசாரித்து, செங்கல்பட்டில் மனநலத்துக்கென்று பதிவு பெற்ற ஓர் ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்தாள். திங்கட்கிழமை அக்கா சேகரை அங்கே அழைத்துப் போனாள்.

இப்போது கேட்பது அக்காவின் முறை என்று தேவிகா சொல்லியிருந்தாள். உள்ளே நுழைந்ததும் பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும்படி சுவரில் மாட்டியிருக்க வேண்டும், எதுவரை செல்லும் என்று தேதி பார், புகார் சொல்ல எண் எழுதியிருக்கிறதா பார் என்று மனப்பாடம் செய்ய வைத்திருந்தாள். சான்றிதழ் மாட்டித்தான் இருந்தது. சாமி படங்களோடு சேர்த்துப் பூவும் போட்டிருந்தார்கள். ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனப் பொட்டு காய்ந்து கண்ணாடியில் கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது. சரியாகத் தேதி இருக்கிற இடத்தின்மேல்.

எங்கள் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, நகத்தால் அந்தப் பொட்டைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டாள். ஒரு ஆயாம்மா ஓடிவந்தாராம்.

"இன்னாம்மா நீ, சாமிப் பொட்ட சொரண்டற?"

"தேதி பாக்கறேன்."

"எத்தினி வருஷமா கீறேன், ஒருத்தரும் அதப் பாத்ததில்ல. எறங்கு கீழ."

"இரு, வருஷம் தெரிஞ்சுபோச்சு. மாசந்தான் தெரியணும்."

சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். விஷயம் தெரிந்ததும் கோபப்படவில்லை. "நல்லா பாக்கட்டும், ஆயா. பாக்கத்தான் மாட்டியிருக்கோம்" என்றார். ஈரத் துணி கொண்டுவரச் சொல்லி அவரே கண்ணாடியைத் துடைத்துக் காட்டினார். காலாவதி ஆகவில்லை. அக்கா நகத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தை வீணாக்காமல் தன் நெற்றியிலும் சேகர் நெற்றியிலும் வைத்தாள்.

டாக்டரம்மா சேகரிடம்தான் முதலில் பேசினார். இங்கே தங்க உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். அதுவரை யாரும் அவனை அப்படிக் கேட்டதில்லை, நாங்கள் உட்பட.

சேகர் யோசித்துவிட்டு ஒன்றுதான் கேட்டானாம். "வெளிப்பக்கம் பூட்டு போடுவீங்களா?"

"இல்ல. அக்கா எப்ப வேணா வந்து பாக்கலாம். போனும் பேசலாம். போகணும்னு தோணிச்சுன்னா எங்ககிட்ட சொல்லுங்க, பேசி முடிவு பண்ணலாம்."

"அப்ப இருக்கேன்" என்று கையெழுத்துப் போட்டான்.

கம்பிக்குள் பார்த்தவரைப் பற்றி அக்கா டாக்டரம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் அதை மேலே உள்ள அலுவலகத்துக்குத் தெரிவித்தார். அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது அந்த இடத்துக்குப் பதிவு என்று ஒன்றும் இல்லை. உள்ளே இருந்தவர்களை வெளியே கொண்டுவந்து, சிலரைச் சிகிச்சைக்கும் சிலரை வீட்டுக்கும் அனுப்பினார்களாம். கையாட்டிய மனிதர் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. அவர் வெளியே வந்துவிட்டார் என்பது மட்டும் தெரியும். அந்தச் செய்தி வந்த அன்றுதான் நான் நன்றாகத் தூங்கினேன்.

7

நேற்றுச் சனிக்கிழமை. வழக்கம்போல அக்கரை, மரத்தடி, கொட்டகை. மதுவுக்கு அடுத்த வாரம் கல்லூரி திறக்கிறது, பாலம் கடக்கும் வேலை இதோடு சரி. போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சேகர். அவனாகவே கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"அண்ணாத்த, ஒரு கம்ப்ளெயிண்டு குட்த்துகீறேன்."

வெள்ளைக் காரா, டியூப் லைட்டா என்று மனம் ஓடியது. "இன்னாடா, யாரு மேல?"

"டீ மேல. கீழ கேன்டீன்லேந்து எங்க மாடிக்கு ஏறி வர்றதுக்குள்ள பச்சத் தண்ணியாப் பூடுது. நர்சம்மாகிட்ட சொன்னேன், பாக்கலாம்னாங்க. செவுத்துலதான் நம்பரு எழுதிகீதே, அதுக்கு அட்ச்சிட்டேன்."

"இன்னா சொன்னாங்க?"

"பேரு கேட்டாங்க. எழுதிகினாங்க. நேத்துலேந்து பிளாஸ்க்குல வருது. வாயி சுட்டுப்போச்சு."

"அப்ப சரியாப்போச்சா?"

"சக்கரதான் கம்மி. பாக்கறேன், ரெண்டு நாளு டைம் குட்த்துகீறேன்." பிறகு, "மது எப்டி கீது? இன்னும் ஹாரன் அடிக்குதா?" என்று கேட்டான்.

நான் சிரித்தேன். கொட்டகைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒரு அம்மா ஒதுங்கிப் போனார். எப்போதும் அக்கம்பக்கம் பார்த்துக் கூச்சப்படுகிற எனக்கு அப்போது யாரும் கண்ணில் படவில்லை. ஒரு வருடமாக என் தம்பி சொன்ன குறைகளுக்கு எங்கேயும் விடை இல்லை. ஆறிப்போன டீக்கு விடை கிடைத்துவிட்டது.

பேசி முடித்துவிட்டு மது காரை விட்டு இறங்கி வந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்துப் பயந்துபோய், "என்னப்பா ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. சித்தப்பாவுக்கு டீ சூடா வருதாம்."

அவளுக்கு முழுக்கதையும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்தபோது அவளும் சிரித்தாள். திரும்பப் பாலம் ஏறுவதற்குமுன், அத்தனை வாரமாக வெளியிலிருந்தே பார்த்த அந்தக் கடைக்குள் முதல் முறையாகப் போனோம். உள்ளே இருந்த சின்ன டீக் கவுண்டரில் இரண்டு டீ வாங்கி உட்கார்ந்தோம். என்னுடையது ஆறியிருந்தது. நான் பேசாமல் குடித்துவிடத்தான் இருந்தேன். மது என் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய்க் கடைப் பெண்ணிடம் சொன்னேன். அவள் ஒன்றும் நினைத்துக்கொள்ளாமல் வேறு டீ போட்டுக் கொடுத்தாள்.